கண்ணில் ஒற்றிய நாண்

கிட்டே வந்து உட்கார், பகவதி மக்களே. இன்னும் கொஞ்சம் கிட்டே. வில்லின் நாணை மடியிலேயே வைத்துக்கொள், அது உனக்காக முறுக்கியதுதான், யாரும் பிடுங்க மாட்டார்கள். உனக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். உன் அப்பா பாடாத கதை. எந்தக் கோயில் கொடையிலும் வில்லில் ஏறாத கதை. என் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு.

இந்த ஆடி மாதத்தில் விறகு காய்வதே இல்லை. உள்ளே அடுப்பில் ஈர மட்டையைத் தள்ளி வைத்திருக்கிறேன். தோல் ஊறுகிற நாற்றத்தில் இந்த வீட்டில் புகை நாற்றம் தெரியாது. கண்ணில்தான் தெரியும். கசக்காதே. முந்தானையால் ஒற்றிக்கொள், போதும்.

நாணைக் கையில் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். முதலில் வலது கண், பிறகு இடது, கொஞ்சம் அமுக்கி. உன் அப்பா ஒற்றுவது அப்படித்தான். பார்க்க எனக்கு மனம் நிறைந்தது.

கதை தொடங்கிவிட்டது. வில்லுக்கு உள்ள முறைதான் இதற்கும். தொடங்கிய கதை முடியும்வரை பாடுகிறவரும் எழக்கூடாது, முன்னால் இருந்து கேட்கிறவரும் எழக்கூடாது. எழுந்தால் அம்மைக்கு ஆகாது. நாளை உச்சிக்கொடைக்கு முதன்முதலாக வில்லின் முன்னால் உட்காரப் போகிறவள் நீ. இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் நிறுத்துகிற இடத்தில் ‘ஆமா’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிரு. என் கையைப் பார்க்காதே. மாசியில் உன் அப்பா போனதிலிருந்து இந்தக் கை நிற்பதில்லை. நாரோ கிழிந்த சேலையோ, எதையாவது பிடித்து முறுக்கிக்கொண்டே இருக்கிறது. முறுக்க ஒன்றும் இல்லாத நேரத்தில் கால் ஓடுகிறது. சாலைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகிறேன், வருகிறேன், மறுபடி போகிறேன். அரிசிக் கடைக்காரர்கள் எனக்குப் புத்தி பிசகிவிட்டதாக நினைக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை.

கதை என்றால் தெரிந்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும். உன் அப்பா சிவதாணு இந்த ஊர்த் தமிழர்களுக்கெல்லாம் வில்லுப்பாட்டு அண்ணாவி. ஆற்றங்கரை இசக்கியம்மனுக்கு அவன் வில் இல்லாமல் கொடை கிடையாது. உன் பெரியப்பா, என் வீட்டுக்காரர், அவன் பக்கத்தில் உட்கார்ந்து குடம் அடித்தவர். நான் அவர்களுக்குப் பின்னால் இருந்து ‘ஆமா’ சொன்னவள். உன் அப்பா எனக்கு இளையவன், கொழுந்தன் முறை. அதனால் என் வாயில் அவன் இவன் என்றுதான் வரும். அதைத் தப்பாக எடுக்காதே.

அந்தக் காலத்தில் நாண் சுசீந்திரத்துப் பக்கமிருந்து வரும். யுத்தம் முடிந்த சமயத்தில் அங்கே முறுக்கியவர் போய்ச் சேர்ந்தார். சாலைக் கடைத்தெருவில் விற்கிறதை வாங்கிக் கட்டினால் ஒரு கொடை தாங்காது. பாட்டு நடுவில் நாண் அறுவதைப்போல ஒரு கெட்ட சகுனம் உண்டா? அடுத்த வருஷம் அந்தக் கோயிலில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட மாட்டார்கள். ஆண்கள் உட்கார்ந்து கவலைப்பட்டார்கள். நான் தோல் வியாபாரி தாசையனிடம் போய் ஒரு துண்டுத் தோல் கேட்டேன்.

“செருப்பா தைக்கப் போறீக, அம்மா?” என்றான்.

“இசக்கிக்கு ஒட்டியாணம்” என்றேன். அன்றிலிருந்து எனக்கு நல்ல முதுகுத் தோலாகப் பார்த்து எடுத்துவைப்பான்.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதலில் முறுக்கிய நாணை வெயிலில் காயப்போட்டேன். பப்படம்போல நொறுங்கியது. அடுத்ததை நிழலில் கட்டினேன். அதைத் தெருநாய் இழுத்துக்கொண்டு போய்க் கிள்ளியாற்றுக் கரையில் வைத்துத் தின்றது. அடுத்த வீட்டுச் சுசீலாபாய் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, “பிச்சம்மா மைனி, உங்க வீட்டுல செத்தது மாடா, இல்ல அண்ணாச்சியா?” என்று கேட்டாள். உன் பெரியப்பா உள்ளே இருந்து, “இன்னும் இல்ல தாயீ, இந்த நாத்தத்துல சீக்கிரம்” என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நல்ல மனிதர். அவர் சாவில் என் கை இல்லை. வயிற்று வலியில் போனார்.

பிறகு கை தானாகக் கற்றுக்கொண்டது. ஊறிய தோலில் மயிரைச் சிப்பியால் சுரண்டி, வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி ஒரே வாராக அறுத்தெடுக்க வேண்டும். கத்தி எங்கே தயங்குகிறதோ அங்கேதான் பின்னால் நாண் அறும். மூன்று வாரை ஈரத்தோடு சேர்த்து முறுக்கி, உத்தரத்தில் கட்டி, அடியில் அம்மிக் குழவியைத் தொங்கவிட வேண்டும். குழவி தன்னால் இந்தப் பக்கம் சுற்றும், அந்தப் பக்கம் சுற்றும், பிறகு யோசித்துக்கொண்டு நிற்கும். அது நின்று, நாண் காய்ந்த பிறகு எண்ணெய் தடவித் துணியால் உருவிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. எண்ணெய் ஊறிய நாணைக் கட்டி வீசுகோலால் ஒரு தட்டுத் தட்டினால் வில்லில் உள்ள மணியெல்லாம் ஒரு குரலாகப் பேசும். உன் அப்பாவின் பெயருக்குப் பாதிக் காரணம் அந்தச் சத்தம். அவனே அதைச் சொல்லியிருக்கிறான், பின்னாளில்.

‘ஆமா’ சொல்ல மறந்துவிட்டாய். சரி.

தண்ணீரா? குடிக்கவா, முகம் கழுவவா? கிணறு உப்பு மக்களே, கண்ணில் பட்டால் இன்னும் கரிக்கும். குடிக்க மோர் வைத்திருக்கிறேன், இந்தா. கண்ணைத் திறந்து திறந்து பார்க்காதே. மூடிக்கொண்டு கேள். மூடிக்கொண்டால் கதை நன்றாகக் கேட்கும்.

பின்னால் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாக் கதையும் வந்துவிட்டது. உன் அப்பாவுக்குத் தெரியாத அடிகளும் வந்துவிட்டன. எங்கே ஒரு வரி விட்டுப்போயிற்று, எங்கே ஒரு பெயர் மாறியது என்று எனக்குத் தெரியும். கொடை முடிந்து திரும்பும்போது சொல்லிப் பார்ப்பேன். நான் பேசும்போது அவன் கண் ஓரிடத்தில் நிற்காது. போகிற வண்டியைப் பார்க்கும், வருகிற ஆளைப் பார்க்கும், கடையில் தொங்குகிற வாழைக்குலையைப் பார்க்கும். கடைசியில் என் பக்கம் திரும்பி, “மைனி, நீங்க நாண நல்லா முறுக்குங்க. கதைய நான் பாத்துக்கிடுகேன்” என்பான். கோபமாகச் சொல்லமாட்டான். பிரியமாகத்தான் சொல்வான்.

எனக்கு அது வருத்தமில்லை. நான் நினைத்துக்கொண்டதெல்லாம் கேட்க வருகிற பெண்களைப் பற்றித்தான். பப்படம் இடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்களின் பெண்டாட்டிகள், தாலி இழந்தவர்கள். இசக்கி கதையில் பிள்ளையைப் பறிகொடுத்துத் தாய் புலம்புகிற இடம் இருக்கிறதே, அதற்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பார்கள். ராஜபாய் என்று ஒருத்தி, உனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. பெற்ற பிள்ளையைக் கிள்ளியாறு கொண்டுபோயிற்று. வீட்டில் அழ விடமாட்டார்கள். அவள் அழுவதற்கு ஊரில் இருந்த ஒரே இடம் அந்தப் புலம்பல்தான். அழுது முடித்து முகம் துடைத்துக்கொண்டு, பழம் வாங்கிக்கொண்டு போவாள். அடுத்த ஆடிவரை அது போதும்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த வருஷம், ஆடிக்குக் கொஞ்சம் முந்தி, ரேடியோவிலிருந்து ஒரு ஆள் வந்தான். கண்ணாடி போட்டு, மடிப்புக் கலையாத வேட்டி கட்டியிருந்தான். இரவெல்லாம் பாடி மறுநாள் உச்சிக்கு முடிகிற கதையை, “அரை மணிக்கூர் மதி, அண்ணாவி” என்றான். அரை மணி நேரம் போதுமாம். உன் அப்பா யோசிக்கவே இல்லை. சம்மதித்துவிட்டான். சம்மதித்தது மட்டுமல்ல, கதையை வெட்டவும் தொடங்கினான். எங்கே வெட்டினான் தெரியுமா? புலம்பலில். ரேடியோவில் அத்தனை அழுகை ஆகாதாம். அந்த வருஷக் கொடையிலேயே வெட்டிய கதையைப் பாடிப் பழகிக்கொள்ளப் போகிறேன் என்றான்.

நான் அவனிடம் போய்ச் சொன்னேன். ராஜபாய் எங்கே போய் அழுவாள் என்று கேட்டேன்.

“ராஜபாயி அழுகதுக்கு ரேடியோக்காரன் நேரம் தருவானா மைனி?” என்றான். உடுக்கைக்காரன் சிரித்தான். நானும் சிரித்தேன். “இனி அவ நடந்து வரவே வேண்டாம் பாத்துக்கிடுங்க. டீக்கடை வாசல்ல நின்னா போதும், பெட்டி பாடும்” என்றான்.

பெட்டி பாடும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பி நினைத்தேன். பெட்டி பாடும்போது யார் ‘ஆமா’ சொல்வார்கள்? கேட்கிறவளின் முகத்தைப் பெட்டி எப்படிப் பார்க்கும்? எனக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. அவன் புது நாண் கேட்டிருந்தான். உத்தரத்தில் குழவி சுற்றிக்கொண்டிருந்தது. நானும் அதோடு சுற்றிக்கொண்டிருந்தேன்.

வேளிக்காயல் ஓரத்தில் தில்லை மரம் உண்டு. இந்த ஊரில் கண்ணாம்பொட்டி என்பார்கள். தாசையனின் மச்சினன் ஒருத்தன் அங்கே விறகு வெட்டப் போய், பால் தெறித்து, ஒரு கண்ணோடு வந்தான். தாசையன் கடையில் தோல் கட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான். நான் தோல் வாங்கப் போகும்போதெல்லாம் நலம் விசாரிப்பேன். எப்படி ஆயிற்று என்றும் விசாரித்திருக்கிறேன். முதலில் மண் விழுந்ததுபோல இருந்ததாம். பிறகு புகை பட்டதுபோல. பிறகு தண்ணீராக வந்ததாம். இவ்வளவுதானே என்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

ஏன் எழுந்திருக்கிறாய்? உட்கார். கதை பாதியில் இருக்கிறது.

ஒரு நாள் கண் எரிந்தால் போதும், அந்தக் கொடைக்கு மட்டும் அவன் வெட்டிய கதையைப் பாடாமல் இருந்தால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். இதை இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். நீ கேட்பதால் சரியாகவே சொல்லிவிடுகிறேன்: அந்த மச்சினனின் கண்குழியை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஒரு நாளில் ஆறுகிற காரியமா இல்லையா என்று எனக்குத் தெரியும்.

நடந்தே வேளிக்குப் போனேன். பித்தளைச் செம்பும் வாழைப்பட்டையும் கொண்டுபோனேன். கையெல்லாம் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டேன். நாண் காய்ந்ததும் கடைசி எண்ணெயை நான்தானே தடவ வேண்டும். நிதானமாகத் தடவினேன். நாண் மினுமினுவென்று இருந்தது. அதைப்போல ஒன்றை நான் அதற்கு முன்னால் முறுக்கியதில்லை.

மறுநாள் உச்சிக்கொடை. கதையை வெட்டியாயிற்று, அதனால் முந்தின இரவு பாட்டு இல்லை. உன் அம்மா உலகம்மை உன்னை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் இருந்தாள். நீ மடிக்குப் பெரிய பெண், ஆனாலும் இறங்கமாட்டாய். வில்லைக் குடத்தின் மேல் சாத்தினார்கள். உன் அப்பா குளித்து, திருநீறு பூசி, வந்து உட்கார்ந்து, குனிந்து நாணைக் கண்ணில் ஒற்றினான். வலது, இடது. கொஞ்சம் அமுக்கி.

காப்புப் பாடும்போது இமையைக் கொட்டிக்கொண்டான். அம்மையை வரவழைக்கிற வரத்துப் பாடும்போது கண்ணில் நீர் கோத்தது. சாம்பிராணிப் புகை என்று நினைத்திருப்பான். அம்மையின் பிறப்புக்கு வரும்போது இரண்டு கன்னத்திலும் தாரையாக ஓடியது. அவன் துடைக்கவில்லை, இரண்டு கையிலும் வீசுகோல். பாட்டையும் நிறுத்தவில்லை, நிறுத்தக்கூடாது. முன்னால் இருந்த பெண்கள் அவன் அழுகிறான் என்று அழுதார்கள். “அண்ணாவி அம்மையைக் கண்ணால காணுகாரு” என்று ஒருத்தி கும்பிட்டாள். அவன் வலி அவ்வளவையும் அவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படிப் பிசக மாட்டார்கள் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. வேறு ஆட்களாக இருந்தால் பாட்டை நிறுத்திவிட்டு என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள்.

தண்ணீர்க் குடம் என் பக்கத்தில்தான் இருந்தது. பாடுகிறவர்களுக்குத் தொண்டை நனைக்க நான்தான் நிறைத்து வைத்திருந்தேன்.

புலம்பல் வரவேண்டிய இடம் வந்தது. அவன் அதைத் தாண்டிப் போக வாயெடுத்தான். வீசுகோலை ஓங்கினான். அது நாணில் படவில்லை, காற்றில் போயிற்று. மறுபடியும் ஓங்கினான், மறுபடியும் காற்று. பிறகு தலையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்.

“மைனி, வெயில் போயிட்டா?”

உச்சி நேரம். பந்தல் கீற்றின் ஓட்டையெல்லாம் வெயில்.

கதை நிற்கக்கூடாதே. குழுவில் யாருக்கும் மீதிக் கதை முழுதாகத் தெரியாது. கோயில் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். பெண் உட்காரலாமா என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நான் நாணைக் கண்ணில் ஒற்றவில்லை. கையை அதன்மேல் காட்டி நெற்றியில் வைத்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. பிறகு புலம்பலைத் தொடக்கத்திலிருந்து பாடினேன். ஒரு அடி விடவில்லை. ராஜபாய் தரையில் விழுந்து அழுதாள். அதைப்போல ஒரு அழுகையை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. உன் அப்பா எனக்குப் பின்னால், நான் வழக்கமாக உட்காருகிற இடத்தில், கண்ணைப் பொத்திக்கொண்டு ‘ஆமா’ சொன்னான்.

மஞ்சள் அரைத்துப் போட்டார்கள். தாய்ப்பால் விட்டார்கள். கோயில் திருநீற்றைக் குழைத்துப் பூசினார்கள். புலம்பலை வெட்டியதற்கு அம்மை கண்ணை எடுத்துக்கொண்டாள் என்று சாலை முழுக்கப் பேச்சு. அதை நான் கிளப்பவில்லை. யார் கேட்டாலும் நான் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். உன் அப்பாவே அதை நம்பினான். செவ்வாய்க்கிழமை தோறும் என் தோளைப் பிடித்துக்கொண்டு இசக்கியிடம் போய் மன்னிப்புக் கேட்பான். நான் பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டச் சொல்லுவேன். குடும்பத்தின்மேல் சாபம் என்று உன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் சிலர் திரும்பிப் போனார்கள். கோலப்பனைத் தேடிப் பிடித்து உனக்குக் கட்டிவைத்ததும் நான்தான், அதை நீ மறந்திருக்கமாட்டாய். உலகம்மை அடுத்த வருஷமே போய்விட்டாள். அதிலும் என் கை இல்லை. கவலை.

இப்போது நான் சொல்லப் போவதை நன்றாகக் கேள் மக்களே. இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

கண் போன பிறகுதான் உன் அப்பா கேட்கத் தொடங்கினான். தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு போவேன், ஒரு கதை சொல்லுவேன். அந்த முகம் என் பக்கம் திரும்பினால் திரும்பினதுதான். வண்டி போனாலும் அசையாது, ஆள் வந்தாலும் அசையாது. பூ வெயிலுக்குத் திரும்புகிறதே, அப்படி. நான் மூச்சு விடுகிற இடத்தில்கூட ‘ஆமா’ என்பான். ஒரு நாள் சொன்னான்: “மைனி, இத்தனை காலமும் நான் பாடினேனே ஒழிய, கேக்கல்ல.” அதைவிட ஒரு மரியாதை எனக்கு யாரும் செய்ததில்லை. ஊர் ஊராகக் கொடைக்குப் போய்ப் பாடினேன், எத்தனையோ சபை பார்த்தேன். அப்படிக் கேட்கிற ஒரு ஆள் எனக்கு வாய்க்கவே இல்லை.

ஒரே ஒரு தரம் கேட்டான். பழைய நாண் ஒன்றைக் கையில் வைத்து உருவிக்கொண்டிருந்தவன், “அன்னைக்கு நாணில என்ன தடவினீங்க மைனி?” என்றான்.

“எண்ணெய்தான்” என்றேன்.

“நல்ல எண்ணெய்தானே?” என்று சிரித்தான். பிறகு, “கதைய விட்ட இடத்துலேருந்து சொல்லுங்க” என்றான். அவனுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. தெரிந்தும் கேட்டான் என்றால் அவன் என்னை மன்னித்துவிட்டான் என்றுதானே அர்த்தம்.

மாசியில் அவன் போனான். அன்றிலிருந்து எனக்குச் சொல்ல ஆளில்லை. சாலையில் கடைக்குக் கடை பெட்டி பாடுகிறது. பருப்பை நிறுத்துக்கொண்டே பேசுகிறார்கள், பேசிக்கொண்டே சிரிக்கிறார்கள், பெட்டி யாருக்கோ பாடுகிறது. ஒருத்தர் ‘ஆமா’ சொல்வதில்லை. ராஜபாய்கூட இப்போது டீக்கடை வாசலில்தான் நிற்கிறாள். உன் அப்பா சொன்னதுபோலவே. எனக்கு வாய்க்குள் கதை ஊறி ஊறி, தோல் ஊறுகிற தொட்டி மாதிரி ஆகிவிட்டது.

நீ உன் அப்பாவின் குரலோடு வந்தாய். ரேடியோக்காரன் மறுபடியும் வந்தான், இந்தத் தரம் உன்னைத் தேடி, அதே கண்ணாடி, தலைதான் நரைத்துவிட்டது. தெற்குத் தாலுகாவெல்லாம் மதராசோடு சேரப் போகிறது, நாங்கள் நாகர்கோவிலுக்கு மாறிவிடுவோம் என்று கோலப்பன் சொன்னான். அதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை. வாழ்கிற பிள்ளைகள். போன வாரம் நான் கஞ்சி வைத்துக்கொண்டு ஒரு கதை எடுத்தபோது நீ வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “பெரியம்ம, எனக்கு எல்லாக் கதையும் மனப்பாடம். இனி கேக்கதுக்கு என்ன இருக்கு?” பிரியமாகத்தான் சொன்னாய். எனக்குத் தெரியும். உன் அப்பாவும் பிரியமாகத்தான் சொல்வான்.

அதற்கு மறுநாள் நான் வேளிக்குப் போனேன். இப்போது வயதாகிவிட்டது, பாதி தூரம் பஸ்.

வாசற்படி எந்தப் பக்கம் என்று கேட்கிறாய். நேர் எதிரில்தான் மக்களே. இவ்வளவு நேரமும் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய். என் கையைப் பிடித்துக்கொள். இப்படி. பார், உன் கையைப் பிடித்ததும் என் கை நின்றுவிட்டது. எத்தனை மாதத்துக்கு அப்புறம்.

அன்றைக்கு உன் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் ஒன்று சொன்னார். எரிச்சல் தொடங்கின உடனே குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் கண் பிழைத்திருக்குமாம். கொஞ்ச நேரம் கடந்துவிட்டால் கழுவியும் பிரயோசனம் இல்லையாம். எவ்வளவு நேரம் என்று நான் கேட்டேன். சொன்னார். அந்த நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு கதைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் யார்? நான் ராஜபாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது கடந்துவிட்டது. அதனால் இப்போது கிணற்றுப் பக்கம் இழுக்காதே. கிணறும் உப்பில்லை. நல்ல தண்ணீர்தான், தெருவே குடிக்கிறது.

பயப்படாதே. உன்னை நான் பார்த்துக்கொள்வேன். உன் அப்பாவைப் பார்த்துக்கொள்ளவில்லையா? கஞ்சி கொண்டுவருவேன், தலை சீவிவிடுவேன். நாளைக்குக் கொடையில் வில் முன்னால் நான் உட்காருகிறேன், நீ என் பின்னால் இரு. நாகர்கோவிலுக்கு இந்த நிலையில் யார் போவார்கள்? தினமும் ஒரு கதை சொல்லுவேன். நீயே ஒரு நாள் சொல்வாய், இதுவரை நான் கேட்டதே இல்லை பெரியம்ம என்று. கேட்கிறவர்களுக்கு நான் ஒரு நாளும் தீங்கு நினைத்ததில்லை மக்களே. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

கண் புகையில் கரிக்கிறது என்று இன்னும் நினைக்கிறாயா? இன்றைக்கு என் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை.

கதை முடிந்தது. வாழி பாடாமல் எழக்கூடாது, அதையும் கேட்டுவிட்டுப் போ. உன் வீடு நிறைந்திருக்கட்டும். உன் பானையில் அரிசி குறையாமல் இருக்கட்டும். கோலப்பனுக்கு ஆயுசு நீளட்டும். உன் வயிற்றில் பிறக்கிற பிள்ளைகள் உன் குரலைக் கேட்டே உன்னிடம் வந்து சேரட்டும். உன் வீட்டு விளக்கு ஒரு நாளும் அணையாமல் எரியட்டும். சாயங்காலந்தோறும் நானே வந்து அதை ஏற்றிவைக்கிறேன்.

‘ஆமா’ சொல்லு, மக்களே.